என்ன நிறம்?

ஹுசாவிக் துறைமுகத்தில் எடைமேடை என் பொறுப்பு.
காட் மீன் பெட்டிகள் ஏறும், இறங்கும்,
எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
ஜனவரியிலும் காலுறை இல்லாமல் செருப்போடு நிற்பவள் என்று
படகுக்காரர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும்.
"ஸ்டெய்ன்வோர், உனக்குக் குளிரே இல்லையா?"
இல்லை என்று சொல்லிவிடுவது எளிது.
தீ இருக்கிறது என்றால்
அடுத்த கேள்விக்கு நிற்க வேண்டும்.
நின்றால் எரியும்.

மாலையில் தொடங்கும்.
பெருவிரலுக்கு அடியில் சின்ன அரிப்பு,
கதவைத் தட்டாமல் யாரோ உள்ளே வந்தது போல.
பிறகு பாதம் முழுக்கச் சிவக்கும், பளபளக்கும், வீங்கும்.
வெட்கத்தில் சிவப்பது முகம் என்பார்கள்;
வெட்கப்பட ஒன்றுமே செய்யாத நாளிலும்
எனக்குக் கால் சிவக்கிறது.
போர்வை நுனி பட்டால் போதும்,
உலையில் வைத்த கை.

இந்த ஊரில் வெந்நீர் மண்ணுக்கடியிலிருந்து வருகிறது,
சுவருக்குள் ஓடுகிறது, தரைக்குள் ஓடுகிறது.
என் வீட்டில் எல்லாத் திருகையும் அடைத்துவிட்டேன்.
தொர்லாக்கூர் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு
தனக்குத் தானே செஸ் ஆடுகிறார்.
முப்பது வருடத் தாம்பத்தியத்தில் ஒரு குறை சொன்னதில்லை.
அவர் மூக்கு நுனி சொல்லும்.

வாளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
இரண்டு குளிர்காலம் கட்டிலடியில்
பனிக்கட்டி வாளி வைத்திருந்தேன்.
காலை வைத்ததும் வருமே ஒரு நிம்மதி,
அதற்காக யாரை வேண்டுமானாலும் காட்டிக் கொடுத்திருப்பேன்.
பனிக்கட்டி கந்துவட்டிக்காரன்.
ஐந்து நிமிடம் கடன் கொடுத்துவிட்டு
விடிவதற்குள் தோலை உரித்து வசூலிப்பான்.
கணுக்காலில் ஒரு புண், ஏழு வாரம் ஆறவில்லை.
அக்குரேய்ரி டாக்டர் வாளிக்குத் தடை போட்டார்,
மின்விசிறிக்கு அனுமதி தந்தார்.
இந்த நாட்டில், அதுவும் பிப்ரவரியில்,
நான் மின்விசிறி கேட்டுப் போன கடையில்
இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

சனிக்கிழமை ஊரே நீச்சல்குளத்தில்.
வெந்நீர்த் தொட்டி மூன்று:
முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு.
செய்தியெல்லாம் நாற்பதில்தான் கொதிக்கும்.
யார் படகை விற்றான், யார் வீட்டில் யார் இல்லை.
நான் கரையில் ஈரக் கல் மேல் கால் நீட்டியிருப்பேன்.
பாதிச் செய்தி எனக்கு,
பாதி ஆவிக்கு.

போன மாதம் உடை மாற்றும் அறையிலிருந்து
ஓடி வந்தாள் போஜெனா,
மீன் ஆலையில் முள் பிடுங்குகிறவள், போலந்துக்காரி.
பத்தடி தூரம்தான்.
அதற்குள் அவள் விரல்களில் உயிர் வடிந்து
மெழுகுவர்த்தி போலாகிவிட்டன.
தொட்டியில் ஒரு கால் வைத்தவள்
என் பாதங்களைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து
கல்லில் மண்டியிட்டு
பத்து விரலையும் என் கால் மேல் வைத்தாள்.

நான் அழவில்லை. ஆவி.

வெள்ளை மெல்ல நீலமாயிற்று, நீலம் சிவப்பாயிற்று.
"பார், உங்கள் கொடியின் மூன்று நிறமும் என் கையில்.
குடியுரிமைதான் இன்னும் வரவில்லை."
பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.
இரத்தம் திரும்பி வரும்போதுதான் வலிக்கும் என்று
எனக்கு அப்போது தெரியாது.
நாலே நிமிடம்.
அவள் விரலுக்குச் சூடு வந்ததும் என் காலுக்கு அது ஆகவில்லை,
"ஐயோ" என்று நானும் "ஐயோ" என்று அவளும்
அவரவர் மொழியில் உதறிக்கொண்டோம்.
நாற்பதில் பேச்சு நின்றது.
பிறகு படகு விலைக்குத் திரும்பியது.

குணம் என்று எதுவும் இல்லை.
இரவு இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்து
கால்களை வெளியே நீட்டியிருக்கிறேன்,
கடிகாரம் பார்த்து, பத்து நிமிடம்.
தொர்லாக்கூர் குல்லாயோடு தூங்குகிறார்.
போனில் வெளிச்சம்.
"என்ன நிறம்?"
சிவப்பு என்று எழுதுகிறேன். உனக்கு?
"வெள்ளை.
வெண்ணெய் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டேன்."